அம்மாச்சி முகத்தில் ஓடிய கறுப்புப் பட்டை

எங்கள் அம்மாச்சி சொல்லும் கண்மாய் முனி கதையைப் போனில் எடுத்து வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முதல் முறை எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், அம்மாச்சி முகத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

பட்டைக்குக் காரணம் கூடத்து டியூப்லைட். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கேமராவை நாமே அமைத்துக்கொள்ளும் போனின் ப்ரோ மோடில் ஷட்டரை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு (படத்துக்கு) ஒளி விழும் நேரத்தை, 1/50 நொடி ஆக்கி, நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தேன். அந்த நேரத்துக்குள் விளக்கு சரியாக இரண்டு முறை மங்கி ஒளிர்ந்துவிடும். பட்டை போயே போய்விட்டது. அப்புறம் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவையும்) தானாக மாறாதபடி லாக் செய்தேன். அம்மாச்சி கையை வீசிக் கதை சொல்பவர். லாக் செய்யாவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் படம் வெளுத்துக் கறுக்கும்.

சத்தம்தான் பெரிய பாடு. படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் தெளியாத கதையை யார் கேட்பார்கள்? முந்தானை ஓரத்தில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் காலர் மைக் குத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். எதிரொலித்த வெறுஞ்சுவரில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன்.

சரி, எல்லாம் ஆயிற்று என்று லென்ஸைப் பார்த்துப் பேசச் சொன்னால், அம்மாச்சிக்கு வார்த்தையே வரவில்லை. போனுக்குப் பக்கத்தில் சித்தி மகளை உட்கார வைத்தேன். "அப்புறம் என்னாச்சு அம்மாச்சி?" என்று அவள் கேட்டதும்தான் முனி கண்மாய்க் கரையில் எழுந்து நின்றது.