மோட்டார் தேர்வில் ஆலைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூற்பாலையில் ஒரு மோட்டார் எரிந்துபோனால், பழைய பெயர்ப்பலகையில் உள்ள குதிரைத்திறனைப் பார்த்து, அதே அளவில் விலை குறைந்த ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுவதே பெரும்பாலும் வழக்கமாக இருக்கிறது. உற்பத்தி நிற்கும் அவசரம் புரிகிறது. ஆனால் மூன்று ஷிப்டும் ஓடும் மோட்டாருக்கு, அதன் விலையைவிடப் பல மடங்கு பணத்தை மின்கட்டணமாகக் கட்ட நேரிடும். மோட்டார் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதைக் காட்டும் சர்வதேசத் தர வகுப்புகள் ஐ.இ. எனப்படுகின்றன; எண் கூடினால் திறனும் கூடுதல். 15 கிலோவாட், நான்கு துருவ மோட்டாரின் முழுச் சுமைத் திறன் ஐ.இ.2 வகுப்பில் 90.6 சதவீதம், ஐ.இ.3 வகுப்பில் 92.1 சதவீதம். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால், இந்தச் சிறு வேறுபாடே ஏறத்தாழ 2,150 யூனிட் ஆகிறது. எப்போதாவது ஓடும் மோட்டாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால், ஓடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் வகுப்பை முடிவு செய்யக் கூடாது.

எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய மோட்டாரை மாட்டுவது இன்னொரு தவறு. பாதிச் சுமை வரை திறன் அதிகம் இறங்குவதில்லை; பவர் ஃபேக்டரோ (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) அதற்கு முன்பே விழத் தொடங்கிவிடும். சுமையை, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரில் ஆம்பியர் மட்டும் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஏனெனில் சுமையின்றிச் சுழலும் மோட்டாரும் காந்தப்புலத்துக்காகக் கணிசமான மின்னோட்டத்தை இழுக்கும். கிலோவாட் காட்டும் மீட்டரில்தான் அளக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது வேகத்தை. திறன் மிக்க மோட்டார் பொதுவாகச் சற்று வேகமாகச் சுழலும். மையவிலக்கு பம்பும் விசிறியும் இழுக்கும் மின்திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், நிமிடத்துக்கு 1,460 சுற்றில் ஓடிய பம்பு 1,475 சுற்றில் ஓடினால் சுமார் மூன்று சதவீதம் கூடுதலாக இழுக்கும். மேலே சொன்ன 15 கிலோவாட் மோட்டாரில் வகுப்பு மாற்றத்தால் கிடைக்கும் சேமிப்பு இதில் பாதிதான். புதிய மோட்டார் மாட்டியும் பில் குறையவில்லையே என்று விற்பனையாளரைக் குறைசொல்வதற்கு முன், விசிறியின் புல்லி அளவையோ பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரின் விட்டத்தையோ சரிசெய்தோமா என்று பார்ப்பது நல்லது.

வேகத்தை மாற்றத் தேவையே இல்லாத இயந்திரத்துக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) பொருத்தினால், அந்தக் கருவியின் சொந்த இழப்புதான் கூடுதலாகச் சேரும்.

எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவதே, அதாவது உள்ளே உள்ள கம்பிச் சுற்றைப் புதிதாகச் சுற்றிப் பயன்படுத்துவதே, தவறு என்று சொல்லிவிட முடியாது. முறையாகச் செய்தால் இழப்பு மிகக் குறைவு. பழைய காயிலைக் கட்டுப்பாடின்றி நெருப்பில் சுட்டு எடுக்கும்போதுதான் இரும்புத் தகடுகளின் மின்காப்பு கெட்டு, இழப்பு நிரந்தரமாகக் கூடுகிறது. ஆகவே பட்டறையிலிருந்து வந்ததும் சுமையின்றி ஓட்டி, இழுக்கும் வாட் அளவை முந்தைய பதிவோடு ஒப்பிட வேண்டும். அது கணிசமாகக் கூடியிருந்தால், அந்த மோட்டாரை நாளில் சில மணி நேரமே ஓடும் இடத்துக்கு மாற்றிவிடலாம்.