பேய் எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள்: இருண்ட சிறுகதைகளை வாசிப்பதில் நேரும் தவறுகள்

கொடைக்கானலுக்கு அப்பால், பூண்டு விளையும் பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. அந்தப் பெயருக்குக் காரணமாக ஊரில் சொல்லும் கதை இது. அருணகிரிநாதர் மலையேறி வந்து, இரவில் கோயில் மண்டபத்தில் படுத்துத் தூங்குகிறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் குழந்தையாக உருவெடுத்து அவர் மேல் ஏறி விளையாடுகிறான். காவித் துணி போர்த்திய உருவத்தையும் அதன் மேல் தவழும் குழந்தையையும் பார்த்த ராட்சசி, யாரோ தாயும் பிள்ளையும் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறாள்.

இதையே ஒருவர் ராட்சசியின் பக்கம் நின்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரிலும் பசியிலும் வந்தவள் ஏன் திரும்பினாள்? அவளுக்கும் ஒரு பிள்ளை இருந்ததா? மறுநாள் இரவு அந்தக் குழந்தையை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று வந்தால், மண்டபத்தில் ஒரு ஆண் மட்டும் தனியாகப் படுத்திருந்தால்? திகில், நாட்டார் கதை, தேவதைக் கதை மூன்றும் கலந்த சிறுகதைகள் இப்படித்தான் பிறக்கின்றன. தெரிந்த கதையை எடுத்து, நாம் பார்க்காத பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். தமிழிலும் மொழிபெயர்ப்பிலும் இந்த வகையில் நல்ல கதைகள் கிடைக்கின்றன. ஆனால் வாசித்த நண்பர்கள் பலர் "பயமே வரலையே" என்கிறார்கள். குறை எல்லா நேரமும் கதையில் இல்லை. வாசிக்கும் விதத்தில் சில தவறுகள் நம்மைத் தடுக்கின்றன.

முதல் தவறு, பேய் எப்போது வரும் என்று காத்திருப்பது. சினிமா பழக்கிவிட்ட காத்திருப்பு இது. இந்தக் கதைகளில் பேய் முதல் பத்தியிலேயே வந்து அடுப்படியில் வேலை செய்துகொண்டிருக்கும். பயம் இருக்கும் இடம் வேறு. தேவதைக் கதைகளில் எப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த அறையை மட்டும் திறக்காதே, திரும்பிப் பார்க்காதே, என் பெயரைக் கேட்காதே. அந்த நிபந்தனையை விதித்தவர் யார், மீறினால் விலை கொடுப்பவர் யார், மீறாமலே விலை கொடுப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டே வாசியுங்கள். பூம்பாறைக் கதையிலும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நிபந்தனை இருக்கிறது: பிள்ளையோடு இருக்கும் தாயைக் கொல்லக் கூடாது. ராட்சசியும் அதற்குக் கட்டுப்படுகிறாள். அப்படியானால் பிள்ளை இல்லாமல் அந்த மண்டபத்தில் படுத்த பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கு அந்தக் கதை பழைய கதையாக இல்லை.

இதோடு ஒட்டியது, மூலக் கதை தெரியாமலே மறுகதைக்குள் நுழைவது. பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் வணிகனாகப் பிறந்து வரும்போது, நீலி கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மனைவி என்று ஊராரிடம் முறையிடுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. எழுபது வேளாளர்கள் தங்கள் உயிரையே பிணை வைத்து, அவன் கையிலிருந்த காவல் வாளையும் வாங்கிக்கொண்டு, அவளோடு ஓர் இரவு தங்கச் சொல்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பூம்பாறையில் காப்பாற்றுகிறது தாயும் பிள்ளையுமான அதே காட்சி. பழையனூரில் கொல்வதும் அதுதான். ஒரு இடத்தில் ஏமாந்தது ராட்சசி, இன்னொரு இடத்தில் ஏமாந்தது ஊர்ப் பெரியவர்கள். இரண்டையும் தெரிந்து வைத்திருக்கும் வாசகர், ஒரு புதிய கதையில் இருட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து கதவைத் தட்டினால் இரண்டு பக்கமும் நடுங்குவார். தெரியாதவருக்கு அது வெறும் கதவுத் தட்டல். கதையின் அடியில் ஏதோ பழைய கதை ஓடுகிறது என்று தோன்றினால் நிறுத்தி, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

மேற்கத்தியக் கதைகளுக்கும் இதே கதிதான். சின்ன வயதில் படப் புத்தகத்தில் பார்த்ததை மூலம் என்று நம்பிவிடுகிறோம். பிரெஞ்சில் ஷார்ல் பெரோ 1697-இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் அவளைத் தின்றுவிடும், அவ்வளவுதான், காப்பாற்ற வேடன் யாரும் வருவதில்லை. வேடன் வருவது கிரிம் சகோதரர்கள் சொன்ன வடிவில். அவர்களுடைய 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய். 1819-இல் வந்த அடுத்த பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்றவளை அப்படிக் காட்ட மனம் ஒப்பவில்லை. ஆனால் கடைசியில் அந்த ராணி பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு சாகும்வரை ஆடுவதை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஆகவே இன்றைய எழுத்தாளர் ஒருவர் ஸ்னோ ஒயிட்டின் தாயைக் கொடியவளாக எழுதினால், "நல்ல கதையைக் கெடுத்துவிட்டார்" என்று சொல்வது சரியில்லை. அவர் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார்.

அடுத்தது, முடிவில் விடை கேட்பது. புதுமைப்பித்தனின் காஞ்சனை 1943-இல் வந்தது. வீட்டுக்கு வேலைக்காரியாக வந்து சேரும் அந்தப் பெண் யார் என்பதைக் கதை கடைசிவரை அவிழ்ப்பதில்லை. எல்லாம் கதைசொல்லியின் மனப்பிரமையா, உண்மையிலேயே ஏதாவது வந்ததா என்று விவாதம் செய்கிறவர்கள் பலர். அந்த விவாதத்தில் ஜெயித்துவிட்டால் கதை செத்துவிடும் என்பது என் எண்ணம். இரண்டில் ஒன்றை முடிவு செய்யாமல் நாலைந்து நாள் அதோடு இருந்து பாருங்கள். நீதி தேடுவதும் இதே வகைத் தவறு, அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பழனி மலையில் இன்னொரு தவறை அடிக்கடி பார்க்கிறேன். தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கம் பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பலகை மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன. குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இவற்றை ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பியவை. குள்ளரை வைத்து எழுதிய ஒரு கதையை வாசிக்கும்போது, "அதெல்லாம் குள்ளர் இல்லை, ஈமச்சின்னம்" என்று மூடி வைப்பவர் உண்டு. குள்ளர் உண்மை என்று கிளம்பிப் போய்ப் பலகையைப் பெயர்த்துப் பார்ப்பவரும் உண்டு. இரண்டாமவர் செய்வது பெரிய கேடு. முதலாமவர் இழப்பது கதையை மட்டும். யாருக்காகவோ கட்டிய கல்வீட்டைப் பார்த்து, யார் என்று தெரியாத பிற்கால மக்கள் தங்களை விடச் சிறிய மனிதர்களை அதற்குள் குடிவைத்தார்கள் என்பதே நல்ல கதைக்குரிய விஷயம். ஆராய்ச்சியும் வேண்டும், கதையும் வேண்டும், ஒன்றை வைத்து இன்னொன்றை அடிக்க வேண்டாம்.

இதை விடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மலைக் காட்டுக்குள் சூனியம் வைக்கும் பழங்குடிக் கிழவன் ஒருவன் வருவான், நகரத்திலிருந்து வந்த குடும்பம் அழியும். இந்த அச்சில் வார்த்த கதைகள் ஏராளம். படிக்கும்போது அது பழைய நாட்டார் நம்பிக்கைதானே என்று தாண்டிவிடுகிறோம். ஆனால் அந்த நம்பிக்கை உண்மையில் உயிர் குடித்திருக்கிறது. நீலகிரியில் குறும்பர்கள் என்ற பழங்குடியினர் மேல் சூனியப் பழி இருந்தது. ஊரில் நோயோ தொடர் சாவோ வந்தால் கண்கள் அவர்கள் பக்கம் திரும்பும். 1835-இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள் என்றும், 1900-இல் ஒரு குடும்பமே கொல்லப்பட்டது என்றும் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு இருக்கிறது. தேனெடுப்பதிலும் மூலிகையிலும் தேர்ந்தவர்கள், பாறையோவியங்களின் சாயலில் படம் வரைபவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கதைகளுக்குள் அவர்கள் சூனியக்காரராக மட்டும் வருகிறார்கள். பழனி மலையில் வாழும் பளியர் பழங்குடிகளுக்கும் இது நடந்துவிடக் கூடாது.

இதனால் அப்படிப்பட்ட கதையைப் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. படிக்கும்போது இரண்டைப் பாருங்கள். அந்த மனிதனுக்குக் கதையில் பெயர், வீடு, பேச்சு இருக்கிறதா? அச்சம் அவனிடமிருந்து வருகிறதா, அவனைப் பார்த்துக் கூட்டம் சேர்க்கும் ஊரிடமிருந்து வருகிறதா? ஊரிடமிருந்து வருவதாக எழுதியவர் நாட்டார் கதையை உண்மையாகப் புரிந்துகொண்டவர். மற்றவர் இருட்டுக்காக ஒரு மனிதக் கூட்டத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்.

கொடைக்கானலில் உள்ள குணா குகையும் அப்படித்தான். 1991-இல் வந்த குணா படத்துக்கு முன்னால் அதை டெவில்ஸ் கிச்சன் என்பார்கள். அங்கே உண்மையாகவே ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். அதைப் பின்னணியாக வைத்த கதையில், இறந்தவர்களின் வீடு எங்காவது தெரிகிறதா என்று நான் தேடுவேன்.

அப்புறம், வேகம். தொகுப்பு கையில் கிடைத்ததும் ஒரே இரவில் முடித்துவிடுவது. டிசம்பர் குளிரில் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு மொபைலில் வாசிக்கும்போது இது சுலபமாக நடந்துவிடும். மிளகாயைக் கைநிறைய மென்றால் ஐந்தாவது மிளகாயின் காரம் நாக்குக்குத் தெரியாது. மூன்றாவது கதையிலேயே ஒருத்தி இறப்பது நமக்குப் பழகிவிடும், அது அந்தக் கதைக்கும் அவளுக்கும் நியாயமில்லை. ஓர் இரவுக்கு ஒரு கதை போதும். முடிந்தால் மறுநாள் பகலில் முதல் பக்கத்தை மட்டும் திரும்ப வாசியுங்கள். நிபந்தனை அங்கேதான் ஒளிந்திருக்கும். முதல் வாசிப்பில் அதைச் சாதாரண வர்ணனை என்று தாண்டியிருப்பீர்கள்.

குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் முதலில் தாங்கள் ஒருமுறை முழுவதும் படித்துவிடுவது நல்லது. தேவதைக் கதை என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி இருட்டுக் கதையைச் சத்தமாக ஆரம்பித்துவிட்டு, நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முடிவை மாற்றிச் சொல்வார்கள். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடும். ராட்சசி திரும்பிப் போகிற கதைகளை ஆறேழு வயதில் சொல்லலாம். நீலியை இன்னும் சில வருடம் கழித்துச் சொல்லுங்கள், ஆனால் அப்போது எழுபது பேரையும் தீயில் இறக்கியே சொல்லுங்கள்.