பழைய கார் நின்றதும் பம்பின் மேல் பழி போடாதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளைத் தாண்டியதும் என் பிரீமியர் பத்மினி இருமிக் குலுங்கி நின்றுவிட்டது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், “ஏ.சி. பம்ப் போய்விட்டது சார்” என்றார். பெயரைக் கேட்டுப் பலர் குழம்புவார்கள். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்பைத்தான் பட்டறைகளில் அப்படிச் சொல்கிறார்கள். புதிது மாட்டினோம்.

அடுத்த வாரம் நாமக்கல் சாலையில், ஏறக்குறைய அதே அளவு தூரம் ஓடியதும் மறுபடி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பிச் சிறிது நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டதும் வண்டி ஓடத் தொடங்கியது. பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்ததை வாங்கிப் போட்டிருந்தேன். அதில் காற்றுத் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பை இழுக்கவிடாமல் பிடித்திருக்கிறது. நல்ல பம்பைத் தூக்கி எறிந்திருந்தேன்.

சோதிக்காமல் கழற்றுவதுதான் முதல் தவறு. அதற்கும் முன்னால், நின்றது பெட்ரோலால்தானா என்று பாருங்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரில் இருக்கும் கண்டன்சர் என்ற சிறு மின்பாகம் பழுதானால், சூடேறியதும் எஞ்சின் நிற்கும். அரை மணி நேரம் ஆறினால் எதுவும் நடக்காததுபோல ஓடும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். நின்ற உடனே, எஞ்சின் ஆறுவதற்குள் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

தீப்பொறி சரியாக இருந்தால், கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, நீளமான வேறொரு ஹோஸை மாட்டி, அதன் முனையை எஞ்சினிலிருந்து விலகி இருக்கும் ஒரு பாட்டிலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். இங்கே பலரும், தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் நடு ஒயரைப் பிடுங்கித் தொங்கவிடுகிறார்கள். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் அது பொறி தட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காயிலுக்கு மின்சாரம் வரும் மெல்லிய ஒயரையே கழற்றிவிடுங்கள்.

பாட்டிலில் விழுவதைக் கவனியுங்கள். விட்டு விட்டு, ஆனால் வலுவாகப் பீய்ச்சினால் பம்பின் மேல் குற்றமில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் நீடில் வால்வைப் பாருங்கள். குமிழி குமிழியாக வந்தால், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கத்துக் கசிவு பல நேரங்களில் சொட்டாது, ஈரமும் தெரியாது. “எங்கேயும் ஒழுகவில்லையே” என்று சொல்லிக்கொண்டே பம்பை மாற்றுவார்கள். வெடித்த ஒரு சாண் ஹோஸும் தளர்ந்த ஒரு கிளிப்பும் போதும்.

எதுவுமே வரவில்லை, டேங்க் மூடியும் குழாயும் சரி என்றால் பம்பைக் கழற்றலாம். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள தடித்த கட்டை, சூட்டைத் தடுப்பதோடு, தள்ளுகம்பி பம்பின் நெம்புகோலை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஆயில் கசிகிறதென்று கூடுதலாக ஒரு கேஸ்கெட் வைத்தால் தள்ளும் தூரம் குறைந்து, புதுப் பம்பும் சோம்பிப்போகும். கட்டையே இல்லாமல் மாட்டினால் நெம்புகோல் உடையலாம்.

ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்க்காமல் விடுவதும் தவறு. பம்புக்குள் அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வான டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கக்கூடும். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், வண்டியை ஓட்டவே கூடாது. பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே சாவியைத் தொட வேண்டும். இப்போது பங்க்கில் நிரப்பும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, உப்பும், வெடிக்கும். பல ஆண்டுகள் கடையில் கிடந்த பழைய இருப்பு டயாபிரத்தை “ஒரிஜினல்” என்று பெருமையாக வாங்குவதைவிட, எத்தனால் தாங்கும் டயாபிரமும் ஹோஸும் போடுவது மேல்.

சூட்டில் ஆவி அடைத்ததென்றால் ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றினால் போதும். சூடான எஞ்சின் மேல் குடத்துத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடலாம்.

பம்போடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் எலெக்ட்ரிக் பம்புக்கு மாறுபவர்கள் உண்டு. மாறலாம். ஆனால் பழைய கார்புரேட்டருக்கு சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அளவு அழுத்தமே போதும். இன்ஜெக்‌ஷன் காரின் பம்போ 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். அதை மாட்டினால் நீடில் வால்வு மூட முடியாமல் பெட்ரோல் பொங்கி, சூடான எஞ்சின் மேலேயே வழியும். குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த பம்பை வாங்கி, டேங்குக்குப் பக்கத்தில் தாழ்வாகப் பொருத்துங்கள். அதற்குத் தள்ளத்தான் தெரியும், தூரத்திலிருந்து இழுக்க வராது. எஞ்சின் நின்றால் பம்புக்குப் போகும் மின்சாரமும் நிற்கும்படி, ஆயில் அழுத்த சுவிட்ச் வழியாக ஒயரிங் செய்யச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் “எதற்கு சார் அதெல்லாம்” என்பார். அது இல்லாவிட்டால், விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்றபின்னும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.