ஒரே மாதிரி தெரியும் நிரல் பயிற்சிகள்: ஒன்றாகச் சேர்ப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பலர் கூடி நிரல் எழுதும் தளத்தில் பயிற்சிகள் பெருகப் பெருக, ஒன்றின் மேல் ஒன்று படியத்தான் செய்யும். 2007-இல் தொடங்கிய ரொசெட்டா கோடு தளத்தில் ஒரே பயிற்சிக்குப் பல நிரல்மொழிகளில் தீர்வு எழுதுகிறார்கள். அங்கே பகா எண்களைச் சுற்றி மட்டும் எரடோஸ்தனிஸ் சல்லடை, வகுத்துப் பார்க்கும் சோதனை, மில்லர்-ராபின் சோதனை, பகாக் காரணிப்படுத்தல் என்று தனித்தனிப் பயிற்சிகள் உண்டு.

விடை ஒன்றுதான், எனவே பயிற்சியும் ஒன்றுதான் என்று முடிவுகட்டுவதுதான் நான் கண்டதிலேயே பெரிய தவறு. 100-க்குள் பகா எண்களைக் கேட்டால் சல்லடையும் வகுத்தலும் அதே 25 எண்களைத்தான் தரும். ஆனால் சல்லடை எழுதுபவர் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மடங்குகளை அடித்தபடி போகிறார். நினைவகம் அவர் கவலை. வகுத்துப் பார்ப்பவரோ, வர்க்கமூலம் வரை போனால் போதும் என்பதைக் கண்டுகொள்கிறார். மில்லர்-ராபின் முற்றிலும் வேறு. ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு: ஓர் எண்ணை அடிமானமாக எடுத்து, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 561 என்பது 3 × 11 × 17. ஆனாலும் அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை அடிமானமாக வைத்தாலும், ஃபெர்மா சோதனை 561-ஐப் பகா எண் போலவே காட்டும். அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனை ஏன் வேண்டும் என்பது அங்கேதான் உறைக்கும். இவற்றை ஒரே பக்கத்தில் கொட்டினால், எளிய வழியை மட்டும் எழுதிவிட்டுப் பலர் நகர்ந்துவிடுவார்கள்.

ஒன்றை முடித்தவர் அடுத்ததில் புதிதாக யோசிக்க ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தனியாக விடுங்கள். ‘100 வரை’, ‘1000 வரை’ என்று எண் மட்டும் மாறினால் தயங்காமல் சேர்த்துவிடலாம்.

அடுத்தது, பழைய பயிற்சியின் விவரத்தை விரிப்பது. தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் அதே எண் வருகிறதா என்று கேட்கும் பயிற்சி இருக்கிறது; 6, 28 அப்படிப்பட்டவை. ‘கூட்டுத்தொகை கூடுதலா, குறைவா என்றும் வகைப்படுத்துக’ என்று யாரோ ஒருவர் ஒரு வரி சேர்க்கிறார். 12-க்கு 16 வருகிறதே, அதையும் சொல்ல வேண்டும். அந்த நொடியே, அதுவரை சரியாக இருந்த தீர்வுகள் எல்லாம் அரைகுறையாகிவிடும். எழுதியவர்களில் பலர் திரும்பி வரவே மாட்டார்கள். அவர்கள் உழைப்புக்கு இப்படிச் செய்யக் கூடாது. புதிய கேள்விக்குப் புதிய பயிற்சி திறந்து, இரண்டு பக்கத்திலும் மற்றதற்கு இணைப்புக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால், பழையதில் வந்து நிற்பவருக்குப் புதியது கண்ணில் படாது.

‘பகா எண்கள் - 2’ போன்ற தலைப்பு வேண்டாம்; வேறுபாடு தலைப்பிலேயே தெரியட்டும். உண்மையிலேயே சேர்க்க நேர்ந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள், திருத்த வரலாற்றை அழிக்காதீர்கள். யார் எழுதினார் என்பது அதில்தான் இருக்கிறது.

புதிய பயிற்சி தொடங்கும் முன் தலைப்பை மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று நினைப்பவர்கள் பலர். மாதிரி விடையைத் தேடிப் பாருங்கள். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்று வரும் இணைகளுக்குப் பயிற்சி எழுதப் போகிறீர்கள் என்றால் 220, 284 என்று தேடுங்கள். என்ன பெயரில் ஒளிந்திருந்தாலும் அகப்பட்டுவிடும்.