கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாங்கும் சாகசம்: விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

ரோல்பிளேயிங் ஆட்டம் என்பது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம். அதன் விண்வெளி வகையில் ஆட்டக்காரர்கள் கையில் ஒரு கப்பல் இருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரு சுரங்க நிலவை உருவாக்கி வைத்திருப்பார். அவர்களோ பக்கத்து உலகத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களை இழுத்துப் பிடித்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். எங்கே போனாலும் கைகொடுக்கும் விஷயங்களை மட்டும் தயார் செய்யுங்கள்.

படி 1: வரைபடம்

1977-இல் வெளியான டிராவலர் என்ற விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒரு வரைபடப் பகுதி என்பது 8-க்கு 10 அறுகோணக் கட்டங்கள். முதல்முறை நடத்துபவருக்கு 80 கட்டம் அதிகம். தொடங்கும் இடத்தைச் சுற்றி 5 உலகங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுதுங்கள்: ஆள்வது யார், அங்கே எதற்குத் தட்டுப்பாடு, வெளியாள் எதைச் செய்தால் மாட்டிக்கொள்வார். தட்டுப்பாட்டு வரியை யோசித்து எழுதுங்கள், வேலைகள் அதிலிருந்துதான் முளைக்கும்.

படி 2: பயண நேரம்

அதே ஆட்டத்தில் ஒரு தாவலுக்கு, அதாவது கப்பல் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதற்கு, தூரம் எதுவானாலும், ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். செய்தியும் கப்பலில்தான் போக வேண்டும். உங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒரு விதி வையுங்கள். கப்பல் தாவியதும் அன்றைய அமர்வை முடித்துக்கொள்ளலாம். அடுத்து எந்த உலகம் என்பது தெரிந்துவிட்டதால், அதை மட்டும் விரிவாக எழுதினால் போதும்.

படி 3: வேலை கொடுப்பவர்

சாகசத்தின் இதயம் இதுதான். ஒருவர், ஒரு கோரிக்கை, ஒரு கூலி, அதன் பின்னால் இருக்கக்கூடிய ஆறு உண்மைகள். ஆறில் எது நிஜம் என்பதைப் பகடை முடிவு செய்யும். உதாரணம்: ஒரு மருத்துவர் நான்கு குளிர்பெட்டிகளை 20 நாளுக்குள் சுரங்க நிலவில் சேர்க்கச் சொல்கிறார், பெட்டியைத் திறக்கக் கூடாது.

1. உள்ளே இருப்பது மருந்துதான்.
2. மருந்துதான், ஆனால் காலாவதியானது.
3. ஒரு பெட்டியில் உறக்கநிலையில் ஒரு மனிதர்.
4. பெட்டிகள் காலி, உங்கள் கப்பல் ஒரு தூண்டில்.
5. வேலைநிறுத்தக்காரர்களுக்கான ஆயுதம்.
6. மருந்துதான், ஆனால் நிலவில் கொள்ளைநோய், இறங்கத் தடை.

அமர்வுக்கு முந்தைய நாளே பகடையை உருட்டிவிடுங்கள். ஆடும்போது உருட்டினால், முதல் காட்சியில் மருத்துவர் பேசியதும் கடைசியில் தெரியவரும் உண்மையும் ஒட்டாது. 3 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். துப்புகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். மூன்று பெட்டி 60 கிலோ, ஒன்று மட்டும் 140. அந்த ஒன்றின் மின்இணைப்பைப் பற்றி மருத்துவர் இரண்டு முறை கேட்கிறார். துறைமுகத்தில் காணாமல் போன பொறியாளரின் படத்தை யாரோ காட்டி விசாரிக்கிறார்கள். ஒரு துப்பைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். மூன்றாவது காப்பாற்றும்.

படி 4: யாரும் தலையிடாவிட்டால்?

வேலையை மறுத்தாலும் உலகம் நிற்காது. 7, 14, 21-ஆம் நாள்களில் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். பெட்டிகளை வேறொரு கப்பல் ஏற்றிச் செல்கிறது, வழியில் பிடிபடுகிறது, மருத்துவர் தலைமறைவாகிறார். இதை அடுத்த துறைமுகத்தில் செய்தியாகக் கேட்கும்போது ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படி 5: கையிருப்பு

பத்துப் பெயர்கள், மூன்று துணைப் பாத்திரங்கள், ஒரு துறைமுக வரைபடம். ஈர்ப்பையும் வெளிச்சத்தையும் மாற்றினால் அதே வரைபடம் மூன்று உலகங்களுக்கு வரும்.

எங்கே சறுக்கும்?

பகடையில் குறிப்பிட்ட எண் விழுந்தால்தான் துப்பு கிடைக்கும் என்று வைப்பது முதல் தவறு. இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ 36-க்கு 15 வாய்ப்புதான், அதாவது 42 சதவீதம் கூட இல்லை. விழாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். துப்பைக் கொடுத்துவிடுங்கள், அதற்கு எவ்வளவு நேரமோ பணமோ செலவானது என்பதைப் பகடை சொல்லட்டும்.

முழுச் சுதந்திரம் கொடுத்தால் சில குழுக்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துவிடும். கப்பலைக் கடனில் வாங்கியதாக வைத்தால், அந்தக் கடன் அங்கே உதவும். டிராவலரில் மாதத் தவணை கப்பல் விலையில் 240-இல் ஒரு பங்கு, 480 மாதங்களுக்கு. தவணை நெருங்கும்போது மூன்று வேலைகளைக் கண்முன் வைத்தால் தானாகவே நகர்வார்கள்.

இன்னொன்று, அவர்கள் இன்னும் பார்க்காத ஒரு பாத்திரத்தை வேறு உலகத்துக்கு நகர்த்தலாம், தவறில்லை. தெரிந்தே ஒதுக்கிய ஆபத்தை மறுபடி அவர்கள் வழியில் நிறுத்துவது ஏமாற்று. ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதன்பின் எந்த முடிவையும் யோசித்து எடுக்க மாட்டார்கள்.

அமர்வு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, யாருக்கு என்ன மாறியது என்று நாள்கணக்கோடு குறித்துவையுங்கள்.