‘ஆண்டின் சிறந்த கார்’ என்றால் என்ன? விருதையும் ரிவ்யூவையும் நம்பும்போது செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, 2014 ஜனவரியில் தன் ‘மஞ்சள் தேவதை’ விருதை அறிவித்தது. ஜெர்மானியர்களின் மனம் கவர்ந்த கார் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், அதற்கு விழுந்த வாக்குகள் 34,299 என்றார்கள். நிஜத்தில் விழுந்தவை 3,409. ஒரு நாளிதழ் இதைப் போட்டு உடைத்தது. சங்கம் முதலில் மறுத்தது. சில நாட்களிலேயே சங்கப் பத்திரிகையின் ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டு விலகினார், அடுத்த மாதம் சங்கத் தலைவரும் பதவி விலகினார். வெளித் தணிக்கை நடந்தபோது, எண்ணிக்கையில் மட்டுமல்ல, வரிசையிலும் கைவைத்திருந்தது தெரிந்தது. பிஎம்டபிள்யூ, டைம்லர், ஃபோக்ஸ்வாகன் ஆகியவை வாங்கிய கோப்பைகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கார் கம்பெனியும் யாருக்கும் கவர் கொடுத்ததாகச் செய்தி இல்லை. அன்று சுமார் 1.9 கோடி உறுப்பினர்கள் கொண்ட சங்கம் நடத்தும் வாக்கெடுப்பில் வெற்றி பெற்ற காருக்கே மூவாயிரத்துச் சொச்சம் ஓட்டுதான் என்றால் விருது சப்பென்று ஆகிவிடும். அதை ஊதிப் பெருக்கியதில்தான் எல்லாம் சரிந்தது.

கார் விருது என்றதும் நாம் செய்யும் முதல் தவறும் இங்கேதான் இருக்கிறது. ‘எல்லாம் காசு கொடுத்து வாங்கினது’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம், அல்லது கோப்பையைப் பார்த்து அப்படியே நம்பிவிடுகிறோம். இரண்டுமே சோம்பேறித்தனம். கேட்க வேண்டியவை வேறு: போட்டியில் எந்தக் கார்கள் இருந்தன, யார் ஓட்டுப் போட்டார்கள், எப்படி எண்ணினார்கள், எதை அளந்தார்கள், எதை அளக்கவே இல்லை.

போட்டியில் இல்லாத காரை மறந்துவிடுவது

‘ஆண்டின் சிறந்த கார்’ என்பது சந்தையில் உள்ள கார்களிலேயே சிறந்தது அல்ல. பெரும்பாலான விருதுகளில் அந்த ஆண்டு புதிதாக வந்த அல்லது முழுதாக மாற்றப்பட்ட மாடல்களுக்கு மட்டும்தான் இடம். மூன்று வருடமாக அந்தப் பிரிவில் யாராலும் அசைக்க முடியாத கார் ஒன்று இருக்கலாம். அது பட்டியலிலேயே இருக்காது. வரவு குறைந்த வருடத்தில் சுமாரான கார்கூட ஜெயிக்கும். நல்ல கார்கள் வரிசைகட்டி வந்த வருடத்தில் அருமையான கார் ஐந்தாம் இடத்தில் நிற்கும். ஆகவே கோப்பையில் உள்ள வருடத்தைப் பார்த்துவிட்டு, அந்த வருடத்தின் இறுதிப் பட்டியலையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

புள்ளிக் கணக்கைப் பார்க்காமல் விடுவது

நேர்மையாக நடத்தப்படும் விருது எப்படி இருக்கும் என்பதற்கு, 1964 முதல் கொடுக்கப்படும் ஐரோப்பிய ‘கார் ஆஃப் தி இயர்’ நல்ல உதாரணம். விதி எளிமையானது. இறுதிச் சுற்றில் ஏழு கார்கள். ஒவ்வொரு நடுவருக்கும் 25 புள்ளிகள். அவற்றைக் குறைந்தது ஐந்து கார்களுக்காவது பிரித்துப் போட வேண்டும், ஒரு காருக்கு 10க்கு மேல் போடக் கூடாது. யார் எந்தக் காருக்கு எத்தனை போட்டார், ஏன் போட்டார் என்பதெல்லாம் வெளியிடப்படும்.

2019 முடிவை எடுத்துக்கொள்வோம். 60 நடுவர்கள். ஒரு கார் அதிகபட்சம் வாங்கக்கூடியது 600 புள்ளிகள். ஜாகுவார் ஐ-பேஸ் வாங்கியது 250. ஆல்பின் ஏ110 வாங்கியதும் 250. சமன். எந்தக் காரை அதிக நடுவர்கள் முதலிடத்தில் வைத்தார்கள் என்று பார்த்து 18க்கு 16 என்ற கணக்கில் ஜாகுவாருக்குக் கொடுத்தார்கள். அதாவது, ஜெயித்த காரை முதலிடத்தில் வைக்காத நடுவர்கள் 42 பேர். இதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் ‘ஐரோப்பாவே தேர்ந்தெடுத்த கார்’ என்ற தோரணைக்கும் இந்தக் கணக்குக்கும் எவ்வளவு தூரம்! ஒன்று மின்சார எஸ்யூவி, இன்னொன்று இருவர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். இந்த இரண்டுக்கும் நடுவே தத்தளித்து நிற்கும் வாடிக்கையாளரை எந்த ஷோரூமும் பார்த்திருக்காது.

எனவே இப்படிப்பட்ட விருதில் முடிவைவிட நடுவர் எழுதிய குறிப்புகளுக்குத்தான் மதிப்பு அதிகம். நீங்கள் வாங்க நினைக்கும் காருக்கு 0 அல்லது 1 போட்டவர் என்ன காரணம் சொல்லியிருக்கிறார் என்று முதலில் படியுங்கள். 10 போட்டவரின் பாராட்டை ஷோரூமிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

தனித்தனி ஓட்டை வெளியிடாத விருது, விதிகளை எங்கும் எழுதி வைக்காத விருது, மேடையில் ஏறிய பிராண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவாவது தேறிவிடும் விருது: இந்த மூன்றுக்கும் கொடுக்க வேண்டிய மரியாதை ஒன்றுதான். அது ஒரு விருந்து நிகழ்ச்சி.

புதுக் காருக்குக் கொடுத்த பரிசை மூன்று வருடக் காருக்கும் பொருத்துவது

நடுவர்கள் ஓட்டுவது சில நாள், சில நூறு கிலோமீட்டர். துரு, கேஸ்கட், கிளட்ச் ஆயுள், சர்வீஸ் சென்டரின் குணம் எதுவும் அதில் தெரியாது. அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் பத்திரிகை 1971இல் செவர்லே வேகாவுக்கு ஆண்டின் சிறந்த கார் விருது கொடுத்தது. அலுமினிய எஞ்சின் பிளாக், அதில் சிலிண்டர் லைனரே (பிஸ்டன் உரசும் இடத்தில் வைக்கும் உறை) கிடையாது. அன்றைக்கு அது புதுமை. பின்னால் அதே எஞ்சின் சூடேறிப் படுத்ததும், பாடி துருப்பிடித்ததும்தான் அந்தக் காரின் பெயராக நிலைத்தது. நடுவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது புதுக் காரை.

அளக்காததற்கும் பரிசு கொடுப்பது இதைவிடப் பெரிய ஓட்டை. அமெரிக்காவில் ‘கிரீன் கார் ஆஃப் தி இயர்’ விருதை 2009க்கு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா டிடிஐயும் 2010க்கு ஆடி ஏ3 டிடிஐயும் வாங்கின. இரண்டுமே டீசல் கார்கள். 2015இல் டீசல் மோசடி வெளிவந்ததும் இரண்டு விருதுகளும் ரத்தாகின. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் விட்டுவிடும் மென்பொருள் அந்தக் கார்களில் இருந்தது. அதற்கான முதல் துப்பு விருதுக் குழுவிடமிருந்து வரவில்லை. காருக்குள் புகை அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டிய மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ‘பசுமை’, ‘பாதுகாப்பு’, ‘நம்பகம்’ என்று பெயரில் உள்ள விருதைப் பார்த்தால், அதைக் கொடுத்தவர்கள் தாங்களே அளந்தார்களா, கம்பெனி தந்த எண்ணை எடுத்துக்கொண்டார்களா என்று பாருங்கள்.

வாடிக்கையாளர் கருத்தைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான ஜே.டி. பவர் நடத்தும் ‘ஆரம்பத் தரம்’ ஆய்வு வேறு ரகம். உரிமையாளர்களிடமே கேட்டு, 100 கார்களுக்கு எத்தனை குறைகள் என்று எண்ணுகிறார்கள். ஆனால் அது முதல் 90 நாட்களின் கணக்கு. அதில் கியர்பாக்ஸ் கோளாறும் ஒரு குறை, டச் ஸ்க்ரீன் மெனு புரியவில்லை என்பதும் ஒரு குறை. முடிவை விளம்பரத்தில் போட வேண்டுமானால் கம்பெனி உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். ஆய்வில் கோளாறு இல்லை. கட்டணம் கட்டியவரின் விளம்பரம் மட்டும்தான் உங்கள் கண்ணில் படும், அவ்வளவே. மூன்று வருடக் கார்களுக்கு அவர்களே தனியாக ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். காரை வைத்து ஓட்டப்போகிறவருக்கு உதவுவது அது.

பாதுகாப்பு நட்சத்திரங்களுக்கும் தேதி உண்டு. ஃபியட் கிராண்ட் புன்டோ 2005இல், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பெரிதாக மாறாத அதே கார் 2017இல் மறுபடி சோதிக்கப்பட்டபோது கிடைத்தது பூஜ்யம். கார் கெட்டுப்போகவில்லை, சோதனை கடுமையாகிவிட்டது. சோதித்த ஆண்டு தெரியாத நட்சத்திரத்தை எண்ணிப் பயனில்லை. அதேபோல், சிறிய காரின் ஐந்தையும் பெரிய எஸ்யூவியின் ஐந்தையும் ஒப்பிடக் கூடாது. ஏறக்குறைய ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையேதான் அந்த ஒப்பீடு செல்லும்.

ரிவ்யூவில் ஓடிய கார்தான் உங்களுக்கும் வரும் என்று நினைப்பது

1964 மார்ச் இதழில் அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை, பான்டியாக் ஜிடிஓவை ஓட்டிப் பார்த்து 60 மைல் வேகத்துக்கு 4.6 விநாடி என்று எழுதியது. அந்தக் காரில் இருக்க வேண்டியது 389 கன அங்குல எஞ்சின். பத்திரிகைக்குப் போன காரில் இருந்தது 421. கம்பெனியின் விளம்பரப் பொறுப்பில் இருந்தவரே பல பத்தாண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். இன்றைக்கு எஞ்சினையே மாற்றிக் கொடுப்பது கஷ்டம், ஆனால் மற்றதெல்லாம் நடக்கும். மீடியா டிரைவுக்கு, அதாவது ரிவ்யூ எழுதுபவர்கள் ஓட்டிப் பார்க்கக் கம்பெனி நடத்தும் ஏற்பாட்டுக்கு, வருவது டாப் வேரியன்ட், பொறுக்கி எடுத்த கார், வீல் அலைன்மென்ட் பார்த்தது. ரூட்டைப் போடுவதும் கம்பெனிதான். சஸ்பென்ஷன் இறுக்கமான கார் என்றால் வழவழப்பான மலைப்பாதை, இழுவை குறைந்த கார் என்றால் சமவெளி. ரிவ்யூவில் எந்த வேரியன்ட், எந்த டயர் அளவு, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்ற மூன்றும் இல்லையென்றால் அதை அறிமுகச் செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களிலும் கண்ணி உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகளின் 0–60 மைல் கணக்கில் பெரும்பாலும் முதல் ஓர் அடி நகர்வைக் கழித்துவிடுவார்கள். அதிலேயே சுமார் 0.3 விநாடி மிச்சம். போதாததற்கு 60 மைல் என்பது மணிக்கு 96.6 கி.மீ.தான். அதைப் பக்கத்துப் பத்திரிகையின் 0–100 கி.மீ. எண்ணோடு வைத்து ‘இந்தக் கார் அரை விநாடி வேகம்’ என்று வாதிடுபவர் இல்லாத வித்தியாசத்துக்குச் சண்டை போடுகிறார்.

மைலேஜ் சோதனையில் நடக்கும் கூத்து இன்னும் சுவாரசியம். லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் கார் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். டேங்க் நிரப்பி, 90 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பினால் பிடிக்க வேண்டியது 5 லிட்டர். பம்ப் ஆட்டோ கட்-ஆஃப் ஆகும் இடம் முன்னே பின்னே போனால் அரை லிட்டர் வித்தியாசம் சுலபமாக வரும். 4.5 லிட்டர் என்று காட்டினால் மைலேஜ் 20. 5.5 என்று காட்டினால் 16.4. ஒரே கார், ஒரே சாலை! இதையே 540 கி.மீ. ஓட்டி 30 லிட்டர் பிடித்துப் பார்த்தால், அதே அரை லிட்டர் பிழை 17.7க்கும் 18.3க்கும் நடுவில் அடங்கிவிடும். ஆகவே ஓட்டிய தூரத்தையும் பிடித்த லிட்டரையும் சொல்லாத மைலேஜ் எண்ணைத் தாண்டிப் போய்விடலாம். டிஸ்ப்ளேயில் காட்டும் மைலேஜைப் போட்டோ எடுத்துப் போடுவது சோதனையில் சேராது. அது வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

எழுதாமல் விட்டதைப் படிக்காதது

விளம்பர அழுத்தம் வெளியே தெரிவது அபூர்வம். 2005இல் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் பான்டியாக் ஜி6 பற்றிய காரமான விமர்சனம் வந்தபின் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த நாளிதழுக்கு விளம்பரத்தை நிறுத்தியது; சில மாதம் கழித்துத்தான் திரும்பியது. எழுதியவர் அதற்கு முந்தைய வருடம் விமர்சனத்துக்காக புலிட்சர் பரிசு வாங்கியவர், பத்திரிகையும் பெரியது. சிறிய இதழும் ஒற்றை ஆள் சேனலும் அத்தனை தூரம் போகவிட மாட்டார்கள். அடுத்த டிரைவுக்கு அழைப்பு வராது என்ற நினைப்பே போதும், வார்த்தைகள் தானாக மெத்தென்று ஆகிவிடும். ‘சிட்டிக்குத் தாராளமான பவர்’ என்றால் ஹைவேயில் ஓவர்டேக் செய்யத் திணறும். ‘பழகிக்கொள்ள வேண்டும்’ என்றால் பழகாது. இருபது நிமிட வீடியோவில் பன்னிரண்டு நிமிடம் சன்ரூஃபும் ஸ்க்ரீனும், பிரேக் பற்றி ஒரு வாக்கியமும் இல்லையென்றால், அந்த மௌனத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகக் கம்பெனி செலவில் போய் வந்தவர் எழுதுவதெல்லாம் பொய் என்று முடிவு கட்டுவதும் தவறு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் விளம்பரமே வாங்காமல், சாதாரண வாடிக்கையாளர் போல் ஷோரூமில் காரை விலை கொடுத்து வாங்கிச் சோதிக்கிறது. அதற்குச் சந்தா கட்டும் பெருங்கூட்டம் பின்னால் இருக்கிறது. மற்றவர்களால் அது முடியாது. அவர்களிடம் எதிர்பார்க்கக்கூடியது மறைக்காமல் சொல்வது. ‘கம்பெனி கொடுத்த டாப் வேரியன்ட், ஒரு நாள், 140 கி.மீ., விமானமும் தங்கும் செலவும் அவர்களுடையது, இந்தக் கட்டுரையை வெளியாகும் முன் அவர்கள் பார்க்கவில்லை’ என்று நாலு வரி. வீடியோ எடுப்பவர்கள் இதை டிஸ்க்ரிப்ஷனின் அடியில், ‘மேலும் படிக்க’வுக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். சொல்ல வேண்டிய இடம் முதல் முப்பது விநாடி, அதுவும் வாயால்.