பத்துமலைக் குகை உயிர்களிடம் புதியவர்கள் செய்யும் தவறுகள்

செருப்போடு வருவது, ஒரே டார்ச்சை நம்பி வருவது, வாசலில் குரங்குகள் பார்க்கப் பையைத் திறப்பது: இதையெல்லாம் ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடுவார்கள். மலேசியாவின் பத்துமலையிலும் சிலாங்கூரின் மற்ற சுண்ணாம்புக்கல் குகைகளிலும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு. (பத்துமலையின் இருட்டுக் குகை 2019இல் மூடப்பட்டது. எந்தக் குகையானாலும் அனுமதி கேட்டுவிட்டே போங்கள்.)

பார்க்காமல் சுவரில் கை ஊன்றுவது

பத்துமலையில் வாழும் லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்ற பொறிக்கதவுச் சிலந்தியின் கூடு, சுவரில் காய்ந்து ஒட்டிய சேற்றுக் கட்டி போலத்தான் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் மூடிக்கதவும், அதைச் சுற்றிக் கதிர்போல் விரியும் மெல்லிய நூல்களும் தெரியும். பூச்சி நூலை மிதித்ததும் சிலந்தி கதவைத் தள்ளிக்கொண்டு பாயும். வழுக்குகிறதே என்று நீங்கள் ஊன்றும் உள்ளங்கை அதன் வீட்டையே நசுக்கிவிடும்.

வௌவால் கூட்டத்துக்கு நேர் கீழே நின்று வெளிச்சம் அடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. கூரையில் கருப்பாக ஏதோ அசைந்ததும் ஹெட்லேம்ப்பை முழு வெளிச்சத்துக்குத் திருப்பி, கழுத்தை நிமிர்த்தி, பத்து நிமிடம் படம் எடுப்பார்கள்.

இக்குகைகளில் தங்கும் தேனுண்ணும் வௌவால், பழந்தின்னி வௌவால் குடும்பத்தைச் சேர்ந்தது. பூச்சி பிடிக்கும் வௌவால்களைப் போலத் தொண்டையொலியின் எதிரொலியால் வழி காண்பதில்லை. பெரிய கண்களையே மிகவும் நம்பும். அந்தக் கண்ணில் வெள்ளை வெளிச்சம் விழுந்தால் கூட்டமே கலையும். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி. தாயின் வயிற்றைக் கவ்வித் தொங்கும் அந்தக் குட்டி, தாய் பதறிப் பறக்கும்போது பிடி தவறி விழலாம். விழுந்த குட்டியால் தரையிலிருந்து பறந்து எழ முடியாது. தரையில் சேர்ந்த வௌவால் எச்சக் குவியலில் அலையும் கரப்பான்கள் அதை விட்டுவைப்பதும் இல்லை. பரிதாபப்பட்டு வெறுங்கையால் தூக்குவது அடுத்த தவறு.

டுரியான் பூ மாலையில் விரிகிறது. இரவில் வந்து மகரந்தம் சேர்ப்பவற்றில் முக்கியமானது இந்த வௌவால்தான். கொட்டைகளைச் சமைத்துச் சாப்பிடும் பெத்தாய் மரத்துக்கும் இதன் உதவி உண்டு. உணவுக்காக 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போகக்கூடியது. ஒரு படத்துக்காகக் கலைத்த கூட்டத்தின் நட்டம் எங்கோ ஒரு தோட்டக்காரர் தலையில் விடிகிறது.

என்ன செய்யலாம்? ஹெட்லேம்ப்பைக் கடைசி அளவுக்குக் குறையுங்கள். சிவப்பு விளக்கு இருந்தால் அதைப் போடுங்கள். ஒளி காலடியிலேயே இருக்கட்டும். நாலைந்து பேருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். கூட்டத்துக்கு அடியில் நிற்காமல் சுவரோரமாக நடந்து கடந்துவிடுங்கள். கூச்சல் ஏறுகிறதா, சிறகுகள் நடுங்குகின்றனவா? பறக்கப்போவதன் அறிகுறி அது. வந்த வழியே பின்வாங்கி அடங்கும்வரை காத்திருங்கள். அந்தி சாய்கையில் குறுகிய வாசலை மறித்து நிற்காதீர்கள். அப்போதுதான் மொத்தக் கூட்டமும் வெளியேறும்.

பாம்பைக் கண்டால் கல் எடுப்பது

குகைச் சாரை வெளிறிய நிறம், நீளம் 2 மீட்டர்வரை. நஞ்சில்லாதது. சுவர் விளிம்பில் காத்திருந்து வௌவாலைப் பிடிக்கும். அதற்காக உள்ளே காண்பதெல்லாம் சாரை என்று நம்பிவிடவும் கூடாது. இனம் தெரியாவிட்டால் 2 மீட்டர் தள்ளி நின்று அது போக விடுங்கள். கண் உயரத்துக்கு மேலுள்ள விளிம்பில் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

நெடுங்கால் பூரான்

தொடாதீர்கள். கடித்தால் வலிக்கும்.

காய்ந்த எச்சத்தைக் கிளறுவது

ஈர எச்சம் நாறும். அதைவிட ஆபத்து, புழுதி கிளம்பும் காய்ந்த எச்சம். ஹிஸ்டோப்ளாஸ்மா என்ற பூஞ்சையின் வித்துகள் அந்தப் புழுதியோடு நுரையீரலுக்குள் போகலாம். முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்95 கவசம் போடுங்கள். துணி முகமூடி போதாது. 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி வந்தால், குகைக்குப் போனதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்றே எண்ணிவிட இடமுண்டு.

உள்ளே சாப்பிடுவது

வேண்டாம். ரொட்டித் துகள் எலியை அழைக்கும்.

"சின்னக் கீறல்தானே"

வௌவால் பல்லோ நகமோ பட்டால், கீறல் தெரியாவிட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.